ஓடின லேம்பு

புது லேம்பு கேட்டு பல்புக்காரர் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. எரியாத லேம்பைக் கொண்டுவந்து கொடுத்து, அவர்தான் கெடுத்துவிட்டார் என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. ஓடி ஓய்ந்துபோன லேம்பைத் தேடி வந்து வாங்கிப் போகிற ஆள் ஒருவர்தான். அவர் கொத்தனார்.

வீட்டுச் சுவரில் சினிமா காட்டுகிற புரொஜெக்டர்களுக்கு லேம்பு மாற்றுவது பல்புக்காரரின் தொழில். உள்ளங்கை அளவு கண்ணாடிக் கிண்ணம், அதன் நடுவில் சுண்டுவிரல் நுனி அளவு பல்பு, அவ்வளவுதான் லேம்பு. எத்தனை மணி நேரம் எரிந்தது என்று மெஷின் தனக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருக்கும். மூவாயிரம் மணி நேரம் தாண்டினால் வெளிச்சம் பாதியாகிவிடும், சிவப்பு விளக்கு மினுக்கும். வசதி உள்ளவர்கள் உடனே மாற்றிவிடுவார்கள். கழற்றியதைப் பல்புக்காரர் மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொத்தனார் வந்து அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போவார்.

கஞ்சன் என்றுதான் பல்புக்காரர் நினைத்திருந்தார். ஒருமுறை இரக்கப்பட்டு, அதே விலைக்கு நல்ல லேம்பு ஒன்றை மாட்டிக் கொடுத்தார். மறுநாள் காலையில் கடை திறக்குமுன் கொத்தனார் மெஷினோடு வந்து வாசலில் நின்றார். கண் கூசுகிறதாம், கழற்ற வேண்டுமாம். கண் கூசுகிற ஆளுக்கு முகம் அப்படியா வெளுத்துப்போகும் என்று அப்போதே தோன்றியது. தோன்றி என்ன, கழற்றிக் கொடுத்தார். வாடிக்கையாளர் காரணம் சொன்னால் அதை நம்பியதுபோல நடந்துகொள்வதும் தொழிலில் சேர்ந்ததுதான்.

இந்தத் தடவை கொத்தனார் வந்தபோது வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.

"இருக்கா?"

"நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களே."

"நீ நல்லாத்தான் இருப்ப. ஓடின லேம்பு இருக்கா?"

"இல்ல."

"அந்தப் பெட்டியில பாரு தம்பி."

"பாத்தாச்சு. பூச்சிதான் இருக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

கொத்தனார் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் பிரித்தார். வெடித்த லேம்பு. கிண்ணம் முழுக்கக் கரி. கண்ணாடித் தூளை அவர் ஆட்காட்டி விரலால் ஒதுக்கினார். அந்த விரல் பாதிதான். சிறு வயதில் கல் உடைக்கும்போது மீதி போய்விட்டது.

"நேத்து மத்தியானம் டப்புன்னு வெடிச்சுருச்சு."

"வெடிக்காம என்ன பண்ணும்? நாலாயிரம் மணி நேரம் ஓடினத வாங்கிட்டுப் போயி அதுல இன்னும் முந்நூறு ஓட்டுனீங்கன்னா அது உசுர வுட்ரும்."

"வேற யாராவது கழட்டுவாங்கல்ல, அத எடுத்து வை."

"கழட்டுறாங்க, மெஷினோட கழட்டித் தூக்கிப் போட்டுர்றாங்க. எல்லாரும் எல்.ஈ.டி.க்குப் போயிட்டாங்க பெரியவரே. டாக்டர் வீடு, ஹெட்மாஸ்டர் வீடு, ஜவுளிக்கடைக்காரர் வீடு, ஒரு வீடு பாக்கி இல்ல. அதுல லேம்புன்னு ஒரு சாமானே கிடையாது. சின்ன வில்லை மாதிரி ஒண்ணு இருக்கு. முப்பதாயிரம் மணி நேரம் எரியுமாம்."

"மங்காதா?"

"மங்கும். அதப் பாக்க நீங்க இருக்க மாட்டீங்க."

சிரிப்பார் என்றுதான் சொன்னார். கொத்தனார் சிரிக்கவில்லை. வெடித்த லேம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ புதுசு ஒண்ணு கிடக்குதே. போன தடவ வந்தப்பவே பாத்தேன். டேப்பு கூடப் பிரிக்கல. எல்.ஈ.டி.தான? அத மாட்டிட்டா முடிஞ்சு போச்சு."

"அது வேண்டாம்."

"வேண்டாம்னா எதுக்கு…"

"வேண்டாம்னா வேண்டாம்."

குடையைக் கடையிலேயே வைத்துவிட்டு அவர் தூறலில் இறங்கிப் போனார்.

அந்த வீட்டுக் கதை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கொத்தனாருக்கு ஒரு தம்பி இருந்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தன் மகளின் மூன்றாவது பிறந்தநாள் அன்று சாயந்தரம், பின்கதவு வழியாகப் போனவன் திரும்பவில்லை. ஏன் போனான் என்று கேட்டால் தெரு முழுக்க ஒரே பதில்தான் வரும். பொண்டாட்டி வாய். துணி தைத்துப் பிழைக்கிற அந்தப் பெண் அப்போதெல்லாம் வாயாடி. சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்த நேரத்தில், தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைக்காத சின்ன விஷயத்துக்காக, பத்துப் பேருக்கு முன்னால் புருஷனைப் பார்த்து "நீ இருந்தா என்ன, போனா என்ன" என்று சொல்லிவிட்டாள். அரை மணி நேரத்தில் ஆளைக் காணோம்.

அன்றோடு அவள் வாயை மூடினாள். தையல் கொடுக்க வருகிறவர்களுக்குத் தலையாட்டல், விரல் கணக்கு, சாக்குக் கட்டியால் துணியில் கோடு. மிஞ்சிப் போனால் ஒரு வார்த்தை. தெருவில் அவளை ஊமையக்கா என்றே கூப்பிட்டார்கள். பேச்சு வராதவள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நம்பினார்கள்.

கொத்தனார் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பி மகளைப் படிக்க வைத்தார். அவள் இப்போது தூரத்து ஊரில் வேலை பார்க்கிறாள். இந்த மாதிரி மனுஷன் உண்டா என்று ஜனங்கள் பேசிக்கொள்வார்கள். தம்பி போன மாதமே அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடி ஹாலில் வெளிப்படிக்குத் திறக்கிற பின்கதவைப் பெயர்த்துவிட்டு, செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். கேட்டதற்கு, காற்று வருகிறது என்றார்.

மறுநாள் காலையில் பல்புக்காரருக்குப் போன் வந்தது.

"நாந்தான். கொத்தனார் வீட்லேர்ந்து."

பெண் குரல். ராங் நம்பர் என்று வைக்கப் போனார். பிறகுதான் யார் என்று உறைத்தது. அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. ரொம்ப நாள் திறக்காத பீரோவைத் திறப்பதுபோல இருந்தது.

"இன்னிக்கு எம் பொண்ணு பொறந்த நாள். வருஷா வருஷம் அவ மூணாவது பொறந்த நாளுக்கு எடுத்த படத்தப் போட்டுப் பாப்பேன். பழசு வெடிச்சுப் போச்சு. புதுப் பெட்டிய வந்து மாட்டிக் குடுங்க."

"பெரியவர் வேண்டாம்னாரேம்மா."

"பொண்ணு எனக்குத்தான் அனுப்புனா. மூணு மணிக்கு வாங்க."

மழை நின்றிருந்தது, ஆனால் வானம் திறக்கவில்லை. பகல் மூன்று மணிக்கே தெருவில் சாயந்தர இருட்டு. ஒரு இலை அசையவில்லை. ஊமையக்கா தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை ஊசியோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்து, மாடிக்கு முன்னால் நடந்தாள். கொத்தனார் வீட்டில் இல்லை. ஓடின லேம்பு கிடைக்குமா என்று விடியற்காலையிலேயே பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்.

அந்த ஹாலுக்குள் பல்புக்காரர் பலமுறை போயிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொத்தனார் கூடவே நின்று, வேலை முடிந்ததும் கீழே அழைத்துப் போய்விடுவார். தனியாக நின்று பார்த்தது அன்றுதான். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. இரண்டு நாற்காலிகள். ஒன்று படம் பார்க்கிற தூரத்தில் இருந்தது, மெத்தை அழுங்காமல் புதிதுபோல. இன்னொன்று சுவரிலிருந்து கை எட்டும் தூரத்தில், மெத்தை குழிந்துபோய். சினிமா பார்க்கிறவன் எவனும் அங்கே உட்கார மாட்டான்.

அந்த நாற்காலிக்கு நேரே வெள்ளைச் சுவரில் ஒரு விரிசல். மெல்லிய கோடு, தரையிலிருந்து மேலே போய், குறுக்கே திரும்பி, மறுபடி தரைக்கு இறங்கியது. அடைத்த கதவின் அளவு. கொத்தனார் வருஷா வருஷம் அதைப் பூசுவார், வருஷா வருஷம் அது திரும்ப வரும். ஊருக்கெல்லாம் சுவர் வைத்தவர் வீட்டிலேயே விரிசல் என்று பல்புக்காரர் ஒருதடவை கிண்டல் பண்ணியிருக்கிறார். இப்போது அந்த விரிசல் கட்டத்துக்குள், உட்கார்ந்தவன் கை நீட்டினால் தொடுகிற உயரத்தில், ஒரு அழுக்குத் திட்டைப் பார்த்தார். கை வைத்து வைத்துப் பதிந்த எண்ணெய்க் கறை. ஐந்து விரல். ஒரு விரல் பாதி.

அவருக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் படியேறி வரும்போது, சாத்திய கதவுக்குள் கொத்தனார் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "அங்கயே நில்லு. இந்தப் பக்கம் வராத." பூனையைச் சொல்கிறார் என்று பல்புக்காரர் நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் பூனை இல்லை.

"டீ போடவா?" என்று ஊமையக்கா கேட்டாள்.

"மொதல்ல வேலைய முடிச்சுர்றேன்மா."

பெட்டியைப் பிரித்தார். எடையே இல்லை. லேம்பு மூடி இல்லை, சூட்டுத் துவாரம்கூடக் கைப்பிடி அளவுதான். பழைய மெஷினைச் சுவரலமாரி மேலிருந்து இறக்கி, அதே இடத்தில் இதை வைத்தார். பழையதை முடுக்கினால் முதலில் ஊதாவாக ஒரு மினுக்கல் வரும், பிறகு பச்சை, பிறகுதான் வெள்ளை. தூங்கி எழுகிற மனுஷன் மாதிரி ஒன்றரை நிமிஷம் எடுக்கும். அணைத்தாலும் இரண்டு நிமிஷம் விசிறி ஓடி மூச்சு வாங்கும். இதில் பொத்தானை அமுக்கிய கையை எடுக்குமுன் சுவர் முழுக்க வெளிச்சம். சத்தமும் இல்லை, சூடும் இல்லை. மூச்சு விடாமல் எரிகிற சாமான் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஊமையக்கா முந்தானைக்குள்ளிருந்து சீடியை எடுத்துக் கொடுத்தாள். அது எப்போதும் அவளிடம்தான் இருக்கும். கொத்தனார் தினமும் மத்தியானம் கேட்டு வாங்கிப் போய், பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுவார்.

"தினமுமா?"

"தினமும்."

பிளேயரில் போட்டதும் படம் ஓடத் தொடங்கியது. அதே ஹால். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஹால். வீடியோ எடுக்க வந்தவன் காமிராவைச் சுவரலமாரி மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான், அது பாட்டுக்கு எடுத்திருக்கிறது. பலூன்கள், ஒரு மேஜை, கேக்கு, நாற்காலி மேல் நின்றுகொண்டு ஒரு குட்டிப் பெண். பக்கத்தில் ஒரு இளம்பெண் கேக்குக் கிரீமைக் குழந்தை மூக்கில் தடவிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஹாலை நிறைத்தது. பல்புக்காரர் யார் அது என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் ஊமையக்கா அசையாமல் நின்றாள்.

படத்தின் ஓரத்தில் பின்கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கறுப்பு.

புதுமெஷின் படத்தைக் கொஞ்சம் கோணலாகக் காட்டியது. படத்தில் நேராக நிற்கிற எதையாவது பிடித்து, சுவரில் நேராக இருக்கிற எதனோடாவது பொருத்துவது பல்புக்காரர் பழக்கம். மட்டக்கோல் எல்லாம் அவர் வைத்துக்கொள்வதில்லை. படத்துக் கதவின் நிலையைப் பிடித்தார். சுவரில் இருந்த விரிசலோடு பொருத்தினார். அளவைக் கொஞ்சம் கூட்டினார். பழைய காமிரா இருந்த அதே இடத்தில் மெஷின் இருந்ததால், படத்துக் கதவு விரிசலுக்குள் போய் மூடி போட்டதுபோல உட்கார்ந்தது. ஆள் உயரத்துக்கு ஆள் உயரம்.

"கச்சிதம்," என்றார்.

சொல்லிவிட்டுப் பார்த்தபோது கதவுக்குள் இருந்த கறுப்பு கறுப்பாக இல்லை.

முதலில் அந்தக் கைக்கறைதான் தெரிகிறது என்று நினைத்தார். கறைக்குச் சட்டை இருந்தது. சட்டைக்குப் பொத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு கழுத்து, மீசை, இந்தப் பக்கமாகவே பார்க்கிற இரண்டு கண். சுவருக்குள் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

மேஜைக்கு இந்தப் பக்கம் குழந்தை கை தட்டியது. கதவுக்குள் அவன் நகராமல் நின்றான். அவன் கையில் ஒரு பயணப் பை. பின்னாலிருந்து இன்னொரு கை வந்து அந்தப் பையின் ஜிப்பை இழுத்து மூடியது. அந்தக் கைக்கு ஆட்காட்டி விரல் பாதி.

"நிறுத்துங்க," என்றாள் ஊமையக்கா.

நிறுத்தினார். படம் அப்படியே நின்றது.

"அவருதான்," என்றாள். "பையோட சைடுல இருக்கே, அது என்ன?"

"தண்ணி பாட்டிலும்மா."

"ரொம்பி இருக்கா?"

பல்புக்காரர் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. போக மனசு வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. "ரொம்பி இருக்கு."

"நான் வாய விட்டது எல்லாரும் சாப்ட்டு முடிச்ச பெறகு. இது கேக்கு வெட்டுற நேரம். இன்னும் யாரும் எல போட்டு உக்காரவே இல்ல." அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "கோவத்துல போறவன் முன்னாடியே தண்ணி புடிச்சு வச்சுட்டா போவான்?"

வெளியே எங்கோ ஒரு பஸ் நின்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

கொத்தனார் வாசலில் நின்றார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அவர் ஊமையக்காவைப் பார்க்கவில்லை, பல்புக்காரரைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார்.

"தம்பி, வெளிச்சத்தக் கொற," என்றார்.

எந்தத் தம்பியிடம் சொன்னார் என்று பல்புக்காரருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"கொறைக்காதீங்க," என்றாள் ஊமையக்கா.

"ஏம்மா, சொல்றதக் கேளு…"

"சொல்லுங்க மாமா. கேக்குறேன்."

கொத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு வேற ஊர்ல ஒருத்தி இருந்தா. ஒரு புள்ளயும் பொறந்துருச்சு. அன்னிக்குக் காலையில எங்கிட்ட வந்து அழுதான். நான் போகாதன்னேன். கேக்கல. இருந்துட்டு அடிச்சுக்கிட்டு சாவறதுக்குப் போயித் தொலையட்டும்னு நானே பையக் கட்டிக் குடுத்தேன்."

"ம்."

"இன்னொருத்திக்காகப் போயிட்டான்னு தெரிஞ்சா நீ கெணத்துல விழுந்திருப்ப, புள்ளயையும் தூக்கிக்கிட்டு. உன் கோவம் எனக்குத் தெரியும். சாயந்தரம் நீயா ஒரு வார்த்த சொன்ன. ஊரே அதப் புடிச்சுக்கிச்சு. நான் ஒண்ணும் சொல்லல. நான் பண்ணது அவ்ளோதாம்மா. பேசாம இருந்தேன்."

"நானுந்தான் பேசாம இருந்தேன்."

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பல்புக்காரர் இடையில் புகுந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார். இதில் புகுவதற்கு இடமே இல்லை.

"கீழ டிவில கூடப் போட்டுப் பாத்திருக்கேன்," என்றாள். "கதவு தீப்பெட்டி அளவு இருக்கும். இருட்டாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். இந்த சீடிய ஒடச்சுப் போட்டிருக்கலாமே மாமா. எங்கிட்டேர்ந்து தினமும் வாங்குனீங்களே."

"அதுல நீ சிரிக்கிறியேம்மா. வேற எதுலயும் இல்ல." கொத்தனார் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "இருட்டு இருந்தாப் போதும்னு நெனச்சேன். தினமும் வந்து பாப்பேன், இருட்டு இருக்கான்னு. ஒருதடவ இந்த மனுஷன் நல்ல லேம்ப மாட்டிட்டாரு. அன்னிக்குத்தான் மொத மொத அவன் தெரிஞ்சான். அப்புறம் பழசையே போட்டும் போகல. லேம்பு மங்க மங்க அவன் கிட்ட வந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் கால வைக்கப் பாத்தான். கைய வச்சுத் தள்ளிக்கிட்டே உக்காந்திருப்பேன்."

"பெரியவரே, அது வெறும் படம்," என்றார் பல்புக்காரர்.

"முந்தாநாள் லேம்பு வெடிச்சுச்சுல்ல. மெஷின் அணஞ்சு போச்சு, ஹாலே கும்மிருட்டு." கொத்தனார் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அவன் அணையல."

பல்புக்காரர் எட்டி மெஷினின் ஒயரைப் பிடுங்கினார். விசிறி ஓடவில்லை, வெளிச்சம் தேயவில்லை. ஒரே வெட்டில் இருட்டு. அந்த இருட்டில், விரிசல் இருந்த இடத்தில், பச்சையும் ஊதாவுமாக ஒரு ஆள் உருவம் நின்றது. வெளிச்சத்தை ரொம்ப நேரம் பார்த்தால் கண்ணுக்குள் அப்படித்தான் நிற்கும், இது தொழிலில் தினம் பார்க்கிறதுதான் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் அது இல்லை. திறந்தார்.

"ஒயர மாட்டுங்க," என்றாள் ஊமையக்கா.

மாட்டினார். படம் அதே இடத்தில் வந்து நிற்கும்படி வைத்தார். ஊமையக்கா தன் நாற்காலியை இழுத்துப் போய்க் குழிந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"வந்து உக்காருங்க மாமா."

கொத்தனார் வந்து உட்கார்ந்தார். பொட்டலம் மடியில் இருந்தது. சுவருக்குள் நின்றவனின் வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது.

"இது எத்தன மணி நேரம் எரியும்னு சொன்னீங்க?" ஊமையக்கா திரும்பாமலே கேட்டாள்.

"முப்பதாயிரம்னு போட்டிருக்கான். நம்ப முடியாதும்மா, கம்பெனிக்காரன் சொல்றதுதான்."

"எரியும்னு வைங்க. தினமும் நாலு மணி நேரம் போட்டா?"

"இருபது வருஷம் வரும்."

அவள் துணி அளக்கிறவள் மாதிரி விரல்களை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டாள். "இருவத்திரெண்டுக்கு ரெண்டு வருஷம் கொறையுதே," என்றாள். பிறகு, "பரவால்ல. தினமும் கால் மணி நேரம் கம்மியாப் போட்டா சரியா வந்துரும்."

கொத்தனாருடைய பாதி விரல் கை மெதுவாக எழுந்து சுவரை நோக்கிப் போனது. ஊமையக்கா அதைப் பிடித்து மடியில் திரும்ப வைத்தாள்.

பல்புக்காரர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கூலி கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழ் தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சட்டை ஊசி குத்தியபடியே கிடந்தது. அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்று வீட்டுக்குக் கேட்கிற சிரிப்பு. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

படத்தை அவர் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.